ஸ்கிப் பண்ணாதீங்க சேர்!

"சேர்! என்ட மாப்புளயக் காணல்ல சேர்!"

அந்த அலறலில் இன்ஸ்பெக்டர் கபிரியேல் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டி பாதி மேசையிலும் மீதி அவருடைய காற்சட்டையிலும் கொட்டியது!

"யேசுவே!" என்று துள்ளி எழுந்தார்.

கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் நடுவே, மழை நின்றாலும் கூரை ஒழுகுவது நிற்காத சின்னப் பொலிஸ் நிலையம் அது. வாசலில் ஓர் இளம்பெண். கறுப்பு அபாயா தெப்பமாக நனைந்திருந்தது. கையில் நீல நிறத்தில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கத்தியா?

இல்லை... ஆஸ்துமாக்காரர்கள் வாயில் வைத்து இழுக்கும் பம்ப்!

அவளுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரிய மனிதர் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார்.

"அழாத மகள். சேருக்கு ஒழுங்கா செல்லு."

கபிரியேல் கதிரையைக் காட்டினார். "உக்காருங்கம்மா. பேரு என்ன?"

"அம்னா. மாப்புளட பேரு ஸைத். ஒன்லைன் விளம்பரம் செய்றவர். நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு ஒராளக் காணப் போறேன்டு போன. இன்னும் வரல்ல. ஃபோனும் ஓஃப்..."

"ஒங்களுக்குள்ள சண்ட கிண்ட...?"

"இல்ல சேர்! ராவைக்குக் கொத்து ரொட்டி கொண்டாறேன்டு செல்லிட்டுத்தான் போன!"

ஃபோனில் கேக் அலங்கார வீடியோ பார்த்துக்கொண்டிருந்த பெண் கொன்ஸ்டபிள் சஞ்சீவனி தலையை நிமிர்த்தினாள்.

"கொத்து ரொட்டி கொண்டாறேன்னு சொன்ன ஆம்பள வராம இருக்க மாட்டாரு சேர். இது சீரியஸ்!"

கபிரியேல் அவளை முறைத்தார். அவள் வீடியோவுக்குத் திரும்பினாள்.

அம்னா பம்ப்பை மேசையில் வைத்தாள். அவர் பக்கம் தள்ளினாள்.

"அவருக்கு வீஸிங் சேர். கொஞ்சம் தூசி பட்டாலும் மூச்சு எடுக்க ஏலாமப் போகும். போன வருஷம் ஆஸ்பத்திரில வெச்சுத்தான் உசிர் திரும்பி வந்த. இத ஊட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டார். அவரக் கண்டா... மொதல்ல இதக் குடுங்க சேர். மத்ததெல்லாம் பொறகு கேளுங்க!"

பெரிய மனிதர் ஏனோ மடக்கிய குடையை மறுபடி மடக்கினார்.

கபிரியேல் பம்ப்பை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். "நீங்க யாருங்க?"

"நான் அம்னாட மாமா. உம்மாட கூடப் பொறந்த. மஹ்மூத் ஹாஜியார்ன்டா டவுனுக்கே தெரியும். மஹ்மூத் மெத்தை மாளிகை நம்மடதான்."

"ஓ... சொல்லுங்க ஹாஜியார். யார் மேலயாச்சும் சந்தேகம்?"

ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார்.

"ஒராள் ஈக்கி சேர். ரஸீன். நமக்கு எதிர்க் கட. அவனும் மெத்த யாவாரி. அவன்ட கடைல எந்த நேரமும் சனம்... எல்லாம் ஸைத் செஞ்சு குடுத்த விளம்பரத்தால! முந்தாநாள் ரெண்டு பேருக்கும் பெரிய கரச்சல். 'இனி இந்தப் பக்கம் வந்தா ஒன்ட காலு ஈக்காது'ன்டு ரஸீன் கத்தினத்த நான் என்ட காதால கேட்டேன்!"

கபிரியேலின் புருவம் உயர்ந்தது. எதிரி... மிரட்டல்... சாட்சி! கேஸ் தட்டில் வைத்த பாற்சோறு மாதிரி வந்து நிற்கிறதே!

"சேர்," என்றாள் சஞ்சீவனி. "ஸைதோட ஃபோட்டோவ ஒன்லைன்ல விளம்பரமாப் போட்டா என்ன? யாராச்சும் பாத்துச் சொல்லுவாங்க."

"ஒன்லைன் விளம்பரத்த எவன் பாக்குறான்?" கபிரியேல் சிரித்தார். "நான் ஒண்ணு கூடப் பாத்ததில்ல. ஸ்கிப்னு வந்தா என் கட்டவெரல் தானாப் போயிடும்."

ஹாஜியாருக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் சில அவமானங்களைத் தாங்கலாம். சொந்த விளம்பரத்தைக் குறை சொன்னால்...?

"அப்பிடிச் செல்ல வேணாம் சேர்! இதப் பாருங்க!"

ஃபோனை நீட்டினார். திரையில் ஒரு விளம்பரம்.

கபிரியேல் பார்த்தார். திரையின் முக்கால்வாசி ஹாஜியாரின் முகம். பல் தெரிய ஒரு சிரிப்பு. மூலையில், முகத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு குட்டி மெத்தை. 'முதுகுக்கும் மனதுக்கும் மஹ்மூத்!' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ பொடி எழுத்துகள்.

"நல்லாத்தான் இருக்கு. மெத்தைய விட ஒங்க மொகம் மெத்துனு இருக்கே! யாரு செஞ்சது?"

"நம்மட பொடியன் ஒராள். நேத்துத்தான் செஞ்சு முடிச்ச." ஹாஜியார் தாடியைத் தடவினார். "இனி வேற ஒருத்தனுக்கும் செய்ய மாட்டான்."

கபிரியேல் தொப்பியை எடுத்தார்.

"சஞ்சீவனி, இவங்களுக்குத் தேத்தண்ணி குடு. நான் ரஸீனத் தூக்கிட்டு வாறேன்!"

*

ஜீப் சீறியது. ஓட்டியவர் கொன்ஸ்டபிள் சுரேஸ்.

கபிரியேல் ஃபோனில் கிரிக்கெட் வீடியோத் துண்டு ஒன்றைத் தட்டினார். கிரிக்கெட்டுக்கு முன்னால் ஒரு தாடி வந்தது.

ஸ்கிப்!

அடுத்த துண்டு. மறுபடியும் அதே தாடி!

ஸ்கிப்!

"சேர்..." சுரேஸ் ஓரக்கண்ணால் பார்த்தார். "நீங்க துப்பாக்கிய இந்த வேகத்துல எடுத்திருந்தா எப்பவோ எஸ்.பி. ஆயிருப்பீங்க!"

"ரோட்டப் பாத்து ஓட்டுய்யா!"

ரஸீனின் கடை பஸ் தரிப்பிடத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தது. உள்ளே நிஜமாகவே திருவிழாக் கூட்டம். பாடசாலைப் பிள்ளைகள், மரக்கறிப் பையோடு பெண்கள், குடையில்லாத கிளார்க்குகள். ஆளுக்கொரு மெத்தையில் குந்தியிருந்தார்கள்.

சீருடையைக் கண்டதும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தடித்த கண்ணாடிக்காரர் ஒருவர் எழுந்தார்.

"ரஸீன் முதலாளி நீங்கதானா?"

"ஓம் சேர்... என்ன விஷயம்?"

"ஸைத் எங்க?"

"எந்த ஸைத்? விளம்பரக்கார ஸைதா? எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நடிக்காதீங்க! காலு இருக்காதுன்னு மிரட்டினீங்களா, இல்லையா?"

ரஸீனின் முகம் வெளுத்தது. "மிரட்டின... ஆனா கோவத்துல சேர்! எனக்கே முழங்கால் வருத்தம். நான் யார்ட கால ஒடைக்கப் போற? அவன் ஒரு வருஷமா விளம்பரம் போட்டான். 'விளம்பரம் பாத்து வந்தேன்'ன்டு ஒரு மனிசன் செல்லல்ல. நிப்பாட்டுன்டு சென்னேன். அவன் கணக்க முடின்டு சென்னான். அதுதான் கரச்சல்!"

"பொய்! விளம்பரம் இல்லாமத்தான் இவ்வளவு கூட்டமா?"

"கூட்டமா?" ரஸீன் கையை விரித்தார். "இது மழ சேர்!"

"என்னது?"

"பஸ் ஹோல்ட்டுக்குக் கூர இல்ல. என்ட கடைக்கு ஈக்கி. மழைக்கு ஒதுங்குவாங்க. பஸ் வர மாட்டா. கால் நோகும். மெத்தைல குந்துவாங்க. குந்தினவங்கள்ல ஒராளுக்காவது எழும்ப மனம் வராது... அந்தாள் வாங்குவார்! கண்டில மழைக்கா பஞ்சம்?"

சுரேஸ் ஒரு மெத்தையில் குந்திப் பார்த்தார். உண்மைதான். எழும்ப மனம் வரவில்லை.

ரஸீனுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது.

"என்னப் புடிக்கிறத்துக்கு முந்தி அந்த மஹ்மூதப் புடிங்க சேர்! அவன் செய்ற அநியாயத்தப் பாத்தீங்களா?"

"என்ன அநியாயம்?"

"அவன்ட புது விளம்பரம்!"

"பாத்தேனே. மூஞ்சி."

"எல்லாரும் மூஞ்சியத்தான் பாக்குற! கீழ ஈக்கிறத்த வாசிச்சீங்களா? நான் வாசிச்சேன். என்ட சொந்த விளம்பரத்த நான் பாத்ததே இல்ல சேர். ஆனா மஹ்மூத்ட விளம்பரத்த மட்டும் எழுத்தெழுத்தா வாசிப்பேன். வெலைய எங்க கொறச்சிருக்கான்டு பாக்க வேணாமா?"

ரஸீன் ஃபோனை எடுத்தார். இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினார். தாடி திரைக்கு வெளியே போனது. பொடி எழுத்துகள் உள்ளே வந்தன.

"கேளுங்க! 'நிபந்தனைகள்: நான் ஸைத். மஹ்மூத் என்னைத் தெல்தெனியவில் உள்ள தனது பழைய பஞ்சு ஸ்டோரில் பூட்டி வைத்திருக்கிறார். மூச்சு விட முடியவில்லை. இது விளம்பரம் அல்ல. பொலிஸுக்குச் சொல்லுங்கள்!'"

கபிரியேல் ஃபோனைத் தன் பக்கம் திருப்பி, அந்த எழுத்துகளைத் தானே இன்னொரு தடவை வாசித்தார்!

ரஸீன் பொரிந்துகொண்டே போனார். "இது என்ன யாவாரம் சேர்? தன்னயே வில்லனாக்கி, சனத்தப் பதற வெச்சு மெத்த விக்கிறான்! என்ன மூள! நானும் சும்மா இருப்பேனா? என்ட கடையிலயும் ஒராளப் பூட்டி வெச்ச மாதிரி ஒண்டு செய்யச் செல்லி காலைலயே ஓடர் குடுத்துட்டேன்..."

கேட்க அங்கே யாரும் இல்லை.

ஜீப் கிளம்பிவிட்டது!

*

"சஞ்சீவனி!" கபிரியேல் ஃபோனில் கத்தினார். "ஹாஜியார் அங்க இருக்காரா?"

"இருக்காரு சேர். அம்னாவுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருக்காரு. பாவம், நல்ல மனுஷன்..."

"அந்த நல்ல மனுஷன்தான் கடத்தின ஆளு!"

மறுமுனையில் கேக் வீடியோவின் சத்தம் கூட நின்றது.

"ஒண்ணும் காட்டிக்காத. அவரு யாருக்கும் கோல் எடுக்கக் கூடாது. வெளிய போகக் கூடாது. பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு!"

"எதப் பத்தி சேர்?"

"அவரோட விளம்பரத்தப் பத்திக் கேளு. பொழுது சாயுற வரைக்கும் பேசுவாரு!"

மழையில் குண்டசாலை போனது. திகன போனது. தெல்தெனிய பொலிஸுக்கும் தகவல் போனது. கபிரியேலின் கை சட்டைப் பையிலிருந்த பம்ப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நேற்று மாலையிலிருந்து... பஞ்சுக்கு நடுவில்... ஓர் ஆஸ்துமாக்காரன்!

பயமாக இருந்தது. ஏனென்றால் அந்த எழுத்துகள் அவருடைய கண்ணுக்கு முன்னால் காலையிலிருந்து எத்தனை தடவை வந்து போயின என்று அவருக்கே தெரியவில்லை.

"வேகமாப் போய்யா!"

விக்டோரியா நீர்த்தேக்கம் தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. தெல்தெனிய பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் சந்தியிலேயே காத்திருந்து ஒரு மண் பாதையைக் காட்டினார். கடைசியில் தகரக் கூரை போட்ட ஸ்டோர். கதவில் பெரிய பூட்டு.

"ஸைத்! ஸைத்!"

பதில் இல்லை.

சுரேஸ் ஜீப்பின் ஜெக் கம்பியைப் பூட்டுக்குள் விட்டு நெம்பினார். ஒரு தடவை... இரண்டு தடவை...

படார்!

கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வெள்ளைப் பஞ்சு பறந்து வந்தது. கூரை வரை மூட்டைகள். கதவடியிலேயே, கீழிடுக்கில் மூக்கை வைத்தபடி ஓர் இளைஞன் குப்புறக் கிடந்தான். முகத்தில் சட்டைத் துணியைக் கட்டியிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது!

கபிரியேல் அவனை மழைக்குள்ளேயே இழுத்துப் போட்டார். துணியைப் பிய்த்து எறிந்தார். பம்ப்பை வாயில் வைத்தார்.

"இழு தம்பி... இழு..."

அசைவில்லை.

"அம்னா குடுத்து அனுப்பினது! இழுடா!"

அந்தப் பெயர் எங்கேயோ போய்த் தொட்டிருக்க வேண்டும். நெஞ்சு ஒரு தடவை ஏறியது. கரகரவென்று ஒரு சத்தம். இன்னொரு தடவை பம்ப்... இன்னொரு மூச்சு...

கண் திறந்தது!

சுரேஸ் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கபிரியேல் சிலுவை போட்டுக்கொண்டார். முகத்தில் வழிந்தது மழைதான் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை.

ஸைத் கேட்ட முதல் கேள்வி...

"எத்தன பேர்... பாத்த சேர்?"

"ஒரே ஒருத்தர்."

"யாரு?"

"ரஸீன் முதலாளி."

ஸைத் சிரிக்க முயன்று இருமினான். "எனக்குத் தெரியும்... எதிர்க் கடக்காரன் மட்டுந்தான் சேர்... முழுசா வாசிப்பான்..."

"பேசாத. மூச்சு விடு."

"மெப்புல ஒங்கட ஸ்டேஷன நடுவுல வெச்சுத்தான் விளம்பரத்துக்கு வட்டம் போட்டேன் சேர். சுத்திவர ஈக்கிறவங்கட ஃபோனுக்குத் திரும்பத் திரும்ப வாற மாதிரி. ஒங்கட ஆக்கள்ல ஒராள் கூடவா...?"

கபிரியேல் தன் வலது கட்டை விரலைப் பார்த்தார். அதற்குத் தனியாக ஒரு விலங்கு மாட்டலாம் போலிருந்தது.

"எதுக்கு ஒன்னயப் பூட்டி வச்சாரு?"

"உண்மைய செல்லிட்டேன் சேர். 'மாமா, ஒன்லைன் விளம்பரத்த ஒருத்தரும் பாக்குறல்ல, ரஸீன்ட கடைக்கு மழைக்குத்தான் சனம் வாற'ன்டு சென்னேன். அவர் நம்பல்ல. ரகசியத்த ரஸீனுக்கு மட்டும் வெச்சிருக்கேன்டு கோவம். ஸ்டோர ஃபோட்டோ எடுக்கணும்டு கூட்டி வந்தார். ஃபோனப் பறிச்சார். விளம்பரம் செய்ய லெப்டொப்ப மட்டும் வுட்டார். என்ட கடைல சனம் நெறயும் வரைக்கும் நீ இங்கதான்டு சென்னார்."

"அந்த எழுத்து? அவரு பக்கத்துல இல்லையா?"

"பக்கத்துலதான் குந்தியிருந்தார். ஆனா அவர்ட கண் எழுத்துல இல்ல. 'மொகத்தப் பெரிசாக்கு... இன்னும் பெரிசாக்கு'ன்டு அதேதான் பேச்சு. கீழ என்னான்டு கேட்டார். நிபந்தனைகள்ன்டு சென்னேன். நிபந்தனைய யாரு சேர் வாசிக்கிற? போட்டு முடிஞ்ச உடனே லெப்டொப்பயும் எடுத்துட்டுப் போயிட்டார்."

*

பொலிஸ் நிலையத்தில் மஹ்மூத் ஹாஜியார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"...அந்தச் சிரிப்புக்கு மட்டும் எத்தன ஃபோட்டோ எடுத்த தெரியுமா மகள்?"

"இன்னும் சொல்லுங்க ஹாஜியார்," என்றாள் சஞ்சீவனி. கொட்டாவியை அடக்கியதில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கதவு திறந்தது.

கபிரியேல். அவருடைய தோளைப் பிடித்தபடி, வழியில் ஆஸ்பத்திரியில் மருந்தெடுத்தும் தலையிலிருந்த பஞ்சு போகாமல்...

"ஸைத்!"

அம்னா ஓடிப் போய் அவன் நெஞ்சில் காதை வைத்தாள். மூச்சு வருகிறதா என்று கேட்டாள். வந்தது. அப்படியே காதை எடுக்காமல் அழுதாள்.

ஹாஜியார் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! கெடச்சிட்டாரா? அந்த ரஸீன்..."

"ஹாஜியார்," கபிரியேல் சாவகாசமாகச் சொன்னார். "ஒங்க விளம்பரம் ரொம்ப நல்ல விளம்பரம். கீழ இருக்கறத ஒரு தடவ சத்தமா வாசிங்க பாப்போம்."

ஹாஜியார் கண்ணாடியைத் தேடி மாட்டினார். ஃபோனைக் கிட்டே கொண்டு போனார். தூரக் கொண்டு போனார். உதடு அசைந்தது... நின்றது.

"இது... நிபந்தன இல்லயா?"

"இனிமே இருக்கு. நெறய!"

சஞ்சீவனி விலங்கை மாட்டினாள். அம்னா தலையை நிமிர்த்தினாள்.

"மாமா... அவருக்கு வீஸிங்ன்டு ஒங்களுக்குத் தெரியுமே. பஞ்சுக்குள்ள போட்டுப் பூட்டிட்டு... இங்க வந்து என்ட கண்ணத் தொடச்சிவுட்டீங்களே மாமா?"

"நடிக்கிறான்டு நெனச்சேன் மகள்..."

"இனி என்ன மகள்ன்டு கூப்புட வேணாம்."

அந்த ஒரு வார்த்தையில் ஹாஜியாரின் பெரிய முகம் சிறுத்துப் போனது. விளம்பரத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

*

மறுநாள் காலை.

கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட வரை எல்லா ஃபோன்களிலும் ஒரே படம். விலங்கோடு மஹ்மூத் ஹாஜியார்! பக்கத்தில் அவருடைய விளம்பரம், பொடி எழுத்தைப் பெரிதாக்கி!

நீதவான் பதினான்கு நாள் விளக்கமறியலில் வைக்கச் சொல்லிவிட்டார்.

கபிரியேல் புதுப் பிளேன்டியை வாயருகே கொண்டு போனார்.

வாசலில் மூச்சிரைக்க ஓர் ஆள். தடித்த கண்ணாடி. ரஸீன் முதலாளி!

"சேர்! என்ட வயித்துல மண் விழுந்துட்டு!"

"இப்ப என்ன?"

"மஹ்மூத்ட கடையப் போய்ப் பாருங்க சேர்! ஊர்ச் சனம் முழுக்க அங்கதான்! கடத்தின ஆள்ட கட எப்பிடி ஈக்குன்டு பாக்க வாறாங்க. வந்தவங்க குந்துறாங்க. குந்தினவங்க வாங்குறாங்க! அவன்ட மகன் ஸாகிக்கு பில் போட்டு முடியல்ல. மழ பெய்து... ஆனா என்ட கடைல ஒருத்தனும் இல்ல!"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

ரஸீன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"என்னயும் அரஸ்ட் பண்ணுங்க சேர்! ஸைதட்ட செல்லி வெச்சீக்கி, ஃபோட்டோ எடுக்க அவன் வெளிய நிக்கிறான். ஒரு பத்து நிமிஷம் விலங்கு போட்டாப் போதும். மொகம் மட்டும் கொஞ்சம் பெரிசா வரணும்!"

கபிரியேல் அவரைப் பார்த்தார். மெதுவாக ஐந்து வரை எண்ணினார். பிறகு வலது கட்டை விரலை உயர்த்தி, வாசலைக் காட்டினார்.

"ஸ்கிப்!"